இரவுத் தரவு

எங்கள் ஊர் முருகன் கோயிலிற் புராணம் படிக்க இருவர் வேண்டும். ஒருவர் பாட்டை இராகத்தோடு வாசிப்பார். மற்றவர் அதன் பொருளை விரித்துரைப்பார். இவ்வாறு பொருள் விரிப்பதை நாங்கள் ‘பயன் சொல்லுதல்’ என்போம். வாசிப்பவர் ஓரடியைப் பாடி நிறுத்துவார். பயன் சொல்பவர் அதனைப் பதம் பிரித்து உரைத்து முடித்த கணமே அடுத்த அடி எழவேண்டும். இடையில் வெற்றிடம் விழலாகாது; ஒருவர் குரல்மீது மற்றவர் குரல் ஏறவுங் கூடாது. நெடுங்காலம் எதிரெதிரே அமர்ந்து பழகிய இருவருக்கே அந்த ஒழுங்கு கைவரும். எனக்கும் என் நண்பருக்கும் அது கைவந்திருந்தது. அவர் வாசிப்பார், நான் பயன் சொல்வேன்.

நான் தமிழாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். நண்பர் கூட்டுறவுச் சங்கக்கடை முகாமையாளராக இருந்தவர். அரிசி நிறுக்கும்போதும் அவர் வாயில் ஏதேனும் ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். மனைவியார் காலமானபின் மகன் அவரைக் கனடாவுக்கு அழைத்துக்கொண்டான். சண்டிலிப்பாயில் இருந்த வீடும் காணியும் கைமாறின. ஊரில் அவருக்கென்று எஞ்சியது ஒன்றே: கோயில் மண்டபத்தில், எனக்கு எதிரே, வாசிப்பவர் அமரும் இடம்.

அவர் கனடா போன ஆண்டு நானே வாசித்து நானே பயனுஞ் சொன்னேன். நிறைவு நாளில் என் குரல் முற்றாக அடைத்துப்போயிற்று. ஆதலால் இவ்வாண்டு படிப்புத் தொடங்குவதற்குச் சில நாள் முன்னர்க் கோயில் முகாமையாளர் என்னைத் தேடி வந்தார். என்னிலும் வயதில் மிக இளையவர். கோயிற் கருமங்களிற் கண்டிப்பானவர்.

“மாஸ்ரர், இந்த முறை பாட்டை ஒலிப்பதிவிலை போடுவம். நீங்கள் பயனை மட்டும் சொல்லுங்கோ.”

“நான் பயன் சொல்லி முடியுமட்டும் அந்தப் பெட்டி காத்துக்கொண்டு நிக்குமோ, தம்பி?”

“பக்கத்திலை ஒரு ஆளை இருத்தி, நிப்பாட்டி நிப்பாட்டிப் போடலாம்.”

“அது படிப்பில்லை. சாப்பிடுறவன்ரை கையை ஒவ்வொரு வாய்க்கும் பிடிச்சு நிப்பாட்டுற மாதிரி.”

அவர் சிரித்தார், ஆனால் இணங்கவில்லை. நண்பர் கனடாவிலிருந்தபடியே திறன்பேசி வழியாக வாசிக்கட்டும் என்று அப்பொழுதுதான் சொன்னேன். காணொளி அழைப்பில் அவர் முகம் எனக்கும் என் முகம் அவருக்குந் தெரியும். குரலைக் கம்பி வழியே ஒலிபெருக்கியிற் கொடுக்கலாம்.

“நடந்தால் நல்லது,” என்றார் முகாமையாளர். “நடக்காட்டில் ஒலிப்பதிவு தான். சனத்தை இருத்தி வைச்சுக்கொண்டு நாங்கள் ‘ஹலோ, ஹலோ’ எண்டு கத்திக்கொண்டு நிக்க ஏலாது, மாஸ்ரர்.”

அவர் கூற்றிற் பிழையில்லை. ஆனால் ஒலிப்பதிவு ஒருமுறை மண்டபத்துள் நுழைந்தால் மறுபடி வெளியேறாது என்பதை நான் அறிவேன். அது களைப்பதில்லை, கனடா போவதில்லை, இருமுவதில்லை. அடுத்த ஆண்டு எவரும் என் நண்பரைப் பற்றிக் கேட்கவும் மாட்டார்கள். அவருடைய இடம் போய்விடும்.

திறன்பேசிக் கட்டணத்திட்டங்களை நான் முறையாக ஆராயத் தொடங்கியது இதன் பொருட்டே. மருதனார்மடச் சந்தியிலுள்ள தொலைபேசிக் கடையின் முன் ஒரு விளம்பரப் பலகை உண்டு. அதன் முன்னே நின்று, பரீட்சைத்தாள் திருத்துகிறவன் போல ஒவ்வொரு வரியாகப் படித்தேன். ஒரு நாளைக்குரிய திட்டம், ஒரு கிழமைக்குரியது, ஒரு மாதத்துக்குரியது. ஒரு செயலியை மட்டுந் திறந்துவிடுவது. இரண்டைத் திறந்து மூன்றாவதை மூடுவது. எல்லாவற்றுக்கும் மேலே, மிகப் பெரிய எழுத்தில், ‘எல்லையற்ற’ என்ற சொல். அதன் கீழே மிகச் சிறிய எழுத்தில், குறித்த அளவைக் கடந்தால் வேகங் குறைக்கப்படும் என்ற நிபந்தனை. எல்லையுடைய ஒன்றை எல்லையற்றது என்று விற்பது வணிகத்தில் வழக்கமாயிருக்கலாம். இலக்கணத்தில் அது சொற்குற்றம். அந்தச் சொல்லையே முதலில் நான் நம்பவில்லை.

ஊரவர் ‘டேட்டா’ என்பதை நான் ‘தரவு’ என்றே வழங்கி வருகிறேன். யாப்பிலே கலிப்பாவின் முதலுறுப்புக்கும் தரவு என்றே பெயர். தரவு முடிந்தபின் தாழிசை வரும். இதனை என் மனைவிக்கு விளக்கியபோது அவர், “அப்ப உங்கடை ஃபோனிலை தரவு முடிஞ்சால் தாழிசை வருமோ? எனக்கு ‘றீலோட் பண்ணுங்கோ’ எண்டு தானே வருது,” என்று கேட்டார். யாப்பிலக்கணம் கற்காதவரின் வினாவாக அது எனக்குத் தோன்றவில்லை.

செய்தி அறிந்து நண்பரின் மகன் கனடாவிலிருந்து அழைத்தான்.

“மாமா, நான் இஞ்சையிருந்தே காசு போட்டுவிடுறன். பேசாமல் அன்லிமிட்டட் எடுங்கோ.”

“தம்பி, வீட்டிலை நானும் மாமியும் ரெண்டு பேர். சந்தையிலை கதலிக் குலையாய் வாங்கினால் பழம் மலிவு தான். ஆனால் பாதிக்குலை அழுகிப்போகும். சீப்பாய் வாங்கினால் ஒண்டும் வீண்போகாது.”

“டேட்டா அழுகாது, மாமா.”

“அழுகும். மாசம் முடிய மிச்சம் கிடந்தால், அது எங்கை போகுது? அடுத்த மாசத்துக்கு வருதோ?”

“இல்லை.”

“அப்ப அழுகினது தானே?”

அவன் சிரித்து, “அப்பா சொன்னவர், உங்களோடை வாதாட ஏலாதெண்டு,” என்றான்.

என் கணக்குத் தெளிவானது. ஒரு மாலை முழுதும் நண்பரோடு காணொளி அழைப்பிற் பேசி, எவ்வளவு தரவு செலவாகிறதென அளந்தேன். படிப்பு நடைபெறும் நாள்களுக்கு அதனைப் பெருக்கினேன். மலிவான மாதத்திட்டங்களில் ஒன்று அந்த அளவுக்கு ஏறக்குறையப் பொருந்திற்று. அதிலே தரவு இரு கூறாக இருந்தது: ஒரு கூறு எந்நேரமும் பயன்படுத்தற்குரியது, அதனிலும் பெரிய மற்றைய கூறு ‘இரவு நேரத்’ தரவு. புராணப்படிப்பு மாலைப் பூசை முடிந்து விளக்கு வைத்தபின்னரே தொடங்கும். எனக்கு வேண்டியது இரவு. கொம்பனி மலிவாகத் தருவதும் இரவு. இதனினும் பொருத்தமான திட்டம் வேறில்லையென்று துணிந்து அதையே எடுத்தேன்.

முதற் சில மாலைகள் சிறப்பாகவே நடந்தன. நூல் வைக்கும் பலகையில், ஒரு செம்பிற் சாய்த்துத் திறன்பேசியை நிறுத்தினோம். அங்கே அப்போது காலை; நண்பர் முழுகி, திருநீறு பூசி, மகன் வாங்கிக்கொடுத்த தடித்த கம்பளிச் சட்டையின்மேற் சால்வை போட்டு அமர்ந்திருந்தார். வீட்டிலுள்ளோர் வேலைக்குச் சென்றுவிட, அவர் குரலுக்குத் தடையெதுவும் இருக்கவில்லை. குரல் சற்றுப் பிந்தியே வந்தது. ஒலியை மட்டும் நம்பியிருந்தால் இருவர் குரலும் மோதியிருக்கும். முகம் தெரிந்தமையால் தப்பினோம். பயன் முடியும்போது நான் தலையை இலேசாக அசைப்பேன். அதைக் கண்டதும் அவர் மூச்செடுப்பார்.

பின்னர் ஒரு மாலை, பாட்டின் மூன்றாம் அடியில், அவர் வாய் திறந்தபடியே நின்றுபோயிற்று. சிறிது நேரத்தில் அந்த முகமும் மறைந்தது. ஒலிபெருக்கியில் ஓர் இரைச்சல் மட்டும் எஞ்சியது. மண்டபத்திலிருந்தோர் என்னைப் பார்த்தனர். நான் திறன்பேசியைப் பார்த்தேன். தரவு தீர்ந்துவிட்டதென அதில் ஒரு குறுஞ்செய்தி வந்திருந்தது. நான்காம் அடியை நானே வாசித்துப் பயனுஞ் சொல்லி அன்றைய படிப்பை முடித்துவைத்தேன்.

முகாமையாளர் கோபிக்கவில்லை. திருநீற்றுத் தட்டை நீட்டியபடி, “இன்னொருக்கா உப்பிடி நிண்டால், பிறகு ஒலிப்பதிவு தான், மாஸ்ரர்,” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியைத்தான் முதலில் ஐயுற்றேன். அவர் பகலிற் சமையல் முடித்துவிட்டுத் தூரத்துக் கோயில்களின் திருவிழாக்களைத் திறன்பேசியில் நேரலையாகப் பார்ப்பதுண்டு.

“ஓம், நான் தான் உங்கடை தரவு முழுக்கத் திண்டனான்,” என்றார் அவர், பிட்டை அவித்தபடியே. “நான் பாத்தது ஒரு கொடியேத்தம். நீங்கள் பாத்தது உங்கடை கூட்டாளியின்ரை முகத்தை, நாள் தவறாமல். ஆர் கூடத் திண்டதெண்டு அந்தக் கொம்பனியையே கேளுங்கோவன்.”

அவ்வாறே எஞ்சிய தரவின் அளவைக் கேட்டு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினேன். விடை என்னைத் திகைக்கச் செய்தது. எந்நேரத் தரவு ஒன்றுமில்லை. இரவு நேரத் தரவோ ஒரு துளியுங் குறையாமல் அப்படியே இருந்தது. இரவிலன்றி வேறெப்போதும் நான் அழைக்கவில்லை. இரவுக் கூறு ஏன் தீண்டப்படாமற் கிடக்கிறது? கண்ணாடியை மாற்றிக்கொண்டு அத்திட்டத்தின் நிபந்தனைகளை முதலிலிருந்து படித்தேன். பல வரிகளுக்குக் கீழே விடை இருந்தது. அவர்கள் கூறும் இரவு, நள்ளிரவிலே தொடங்கிக் காலையிலே முடிகிறது.

வாய்விட்டுப் படித்ததைக் கேட்டு மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“உது இரவே? உது சாமமெல்லே! சாமம் எண்டு போட்டிருந்தால் ஆருக்கும் விளங்கியிருக்கும். விளக்கு வைச்சால் இரவு. நடுச்சாமத்துக்குப் பேர் சாமம். பிறகு வாறது விடியப்புறம். உவங்களுக்கு உது கூடத் தெரியாதோ?”

அவர் சொன்னது முற்றுஞ் சரி. யாழ்ப்பாணத்தில் எந்தக் குழந்தையும் இம்மூன்றையும் மயங்காது. பண்டைத் தமிழர் ஒரு நாளைச் சிறுபொழுதுகளாகப் பகுத்தபோதும் மாலை வேறு, யாமம் வேறு, வைகறை வேறு என்றே வைத்தார்கள். கொம்பனி வேறு மொழியில் எழுதியதை எவரோ ஒருவர் தமிழில் இரவு என்று ஒரே சொல்லில் அடக்கிவிட்டார். அந்தச் சொல்லை நான் தமிழர் பொருளிற் கொண்டேன். அவர்கள் தங்கள் பொருளில் விற்றார்கள். என் கணக்கிற் பிழையில்லை. பிழை சொல்லிலிருந்தது. இன்றும் அதுவே என் கருத்து.

ஆனால் சொல்லின் பிழை என்று நிறுவிவிட்டதால் நண்பருடைய இடம் காப்பாற்றப்பட்டுவிடாது. மறுநாட் காலையிலேயே முகாமையாளரிடஞ் சென்றேன். அவர் ஒரு யோசனை சொன்னார்.

“என்ரை ஃபோனிலை அன்லிமிட்டட் கிடக்கு, மாஸ்ரர். இண்டைக்கு அதிலை எடுத்துப் பாப்பம். உங்கடை சீப்புக் கதையை நாளைக்குப் பாப்பம்.”

கதலிக்குலை வாதம் அதற்குள் கோயில்வரை எட்டியிருந்தது.

அன்று மாலை அவருடைய திறன்பேசியை அதே செம்பிற் சாய்த்தோம். நண்பர் முகம் தெரிந்தது. முதலடி வந்தது. இரண்டாமடியின் நடுவே குரல் துண்டு துண்டாயிற்று; முகம் சதுரஞ் சதுரமாகச் சிதறிற்று. “கேக்குதோ? கேக்குதோ?” என்ற அவருடைய வினா ஒலிபெருக்கியில் மூன்று முறை எதிரொலித்தது. அழைப்பைத் துண்டித்து மீண்டும் எடுத்தோம். மீண்டும் அதே நிலை. தரவு தீரவில்லை, அது கடலளவு கிடந்தது. அது வருகின்ற வழிதான் அடைபட்டிருந்தது. எங்கள் ஊரில் விளக்கு வைத்தபின் வீட்டுக்கு வீடு வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளோடு காணொளி அழைப்பிற் பேசும் நேரம் அது. அலைக்கோபுரமோ ஒன்றே. முந்தைய மாலைகளில் எங்களுக்கு இடங்கிடைத்தது தற்செயல்.

முகாமையாளர் தம்முடைய திறன்பேசியையே வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“தம்பி, இன்னொருக்கா நிண்டால் ஒலிப்பதிவு எண்டு சொன்னனீங்கள்.”

“சொன்னனான் தான்.”

“நிண்டது உங்கடை ஃபோன்.”

“அதாலை தானே மாஸ்ரர், ஒண்டும் கதைக்காமல் நிக்கிறன்,” என்றார். அருகிலிருந்தோர் சிரித்தனர்.

அந்தச் சிரிப்பு அடங்குமுன்னரே என் முடிவைச் சொன்னேன். படிப்பை வைகறைக்கு மாற்றுவோம். காலைப் பூசைக்காகக் கோயில் எப்படியும் திறக்கப்படும். ஊர் உறங்கும் அந்நேரத்தில் அலைக்கோபுரத்தில் நெருக்கடி இராது. கொம்பனி இரவென்று மலிவாக விற்றது அந்தப் பொழுதைத்தான். நான் பணங்கொடுத்து வாங்கித் தீண்டாமல் வைத்திருக்கும் பெருங்கூறு முழுதும் அங்கேதான் கிடக்கிறது.

“விடியப்புறம் ஆர் வருவினம்? எல்லாரும் தோட்டத்துக்கு இறைக்கப் போற நேரம்,” என்றார் முகாமையாளர்.

“மழை தொடங்கி ஒரு கிழமை. இந்த மாரிக்கை எந்தத் தோட்டத்துக்கு இறைக்கப் போகினம்?”

அவர் வானத்தை ஒருமுறை பார்த்தார். “சரி, ஒரு நாள் பாப்பம். உந்த ஒரு நாள் தான்.”

இனி நண்பரின் சம்மதம் மட்டுமே வேண்டியிருந்தது. அது எளிதிற் கிடைத்துவிடும் என எண்ணிச் சாதாரண அழைப்பெடுத்து அவரைக் கேட்டேன்.

“விடியப்புறமோ?” என்றார் அவர். “அப்ப எனக்கு இஞ்சை முதல்நாள் பொழுதுபடுற நேரமெல்லே. நீர் நாளைக்குப் பயன் சொல்ல, நான் நேற்றிலையிருந்து வாசிக்கிறதோ?”

“ஓம். ஒரு நாள் முந்தியே வாசிச்சு வைச்சிடுறீர். நல்லது தானே.”

அவர் சிரிக்கவில்லை. “பகிடியை விடும், காணும். காலமை எண்டால் வீட்டிலை நான் மட்டும். கூரை பறக்கப் படிக்கலாம். பொழுதுபட மகனும் மருமகளும் வேலையாலை களைச்சு வருவினம். இது அடுக்குமாடி. கொஞ்சம் சத்தம் போட்டால் பக்கத்து வீட்டுக்காரன் சுவரிலை தட்டுவான்.”

“மெல்லப் படியும்.”

“புராணத்தை மெல்லப் படிக்கிறதோ? நான் என்ன, மருந்துக்கடையிலை டொக்டரின்ரை துண்டே வாசிக்கிறன்?”

அப்பொழுதுதான் என் கணக்கில் விடுபட்டதொன்று புலனாயிற்று. மலிவான திட்டத்தை எடுத்தவன் நான். அதற்குரிய மீதி விலையைத் தம் குரலாற் கொடுக்கவேண்டியவர் அவர். கட்டணப் பலகையில் எழுதப்படாத விலை இத்தகையது. அதனை மறைத்து அவரை இணங்கவைக்க நான் விரும்பவில்லை. நடந்தவற்றை ஒளிக்காமற் சொன்னேன். மாலையில் எந்தத் திட்டத்தாலும் பயனில்லை. எல்லையற்றதையும் எடுத்துப் பார்த்துவிட்டோம். வைகறையும் தவறினால் முகாமையாளர் ஒலிப்பதிவைக் கொண்டுவருவார்.



“என்ரை இடத்திலை பெட்டியை வைக்கப் போகினமோ?”

“ஓம்.”

“எந்தப் பெட்டி? அந்த நீலத் துணி போட்டு மூடி வைச்சிருக்கிற பழைய பெட்டியோ?”

“ஓம், அது தான்.”

“அது கரகரக்கும்,” என்றார். “அப்ப விடியப்புறம் வாறன்.”

முதல் வைகறையில் மழை தூறிக்கொண்டிருந்தது. மண்டபத்தில் வழக்கத்திற் பாதிப்பேருக்கும் குறைவு. முகாமையாளர் தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு ஒரு தூணோடு சாய்ந்து நின்றார். திறன்பேசியை இயக்கினேன். நண்பர் முகம் தெளிவாகத் தோன்றிற்று. திருநீற்றுக் குறியின் மூன்று கோடுகளையுந் தனித்தனியே காணமுடிந்தது. முதலடியை அவர் தாழ்ந்த குரலில் எடுத்தார். அத்தனை மெல்ல அவர் வாசித்து நான் கேட்டதில்லை. ஆனால் ஒலி உடையவில்லை. ஒரு மாத்திரையும் சிதையவில்லை. ஊர் அடங்கிக் கிடந்தமையால் அந்த மெல்லிய குரலே மண்டபத்தை நிறைத்தது. பின்வரிசையிலிருந்தோர் ஒருவர்பின் ஒருவராக முன்னே நகர்ந்து வந்தனர். நான் பயனை முடித்துத் தலையசைத்தேன். அவர் மூச்செடுத்தது எனக்குத் தெரிந்தது. நான்காம் அடி முடிந்து அடுத்த பாட்டும் வந்தது. படிப்பு முடியுமட்டும் எங்கும் நிற்கவில்லை.

“நாளைக்கும் வைப்பம்,” என்றார் முகாமையாளர். ‘உந்த ஒரு நாள்’ அவ்வாறு நீண்டது. வரவரக் கேட்பவர் தொகையுங் கூடிற்று. பூசைக்கென்று வந்த பெண்கள் படிப்புக்கும் இருந்தனர். சந்தைக்கு மரக்கறி கொண்டுபோவோர் சிலர் மூடைகளைக் கோயில் வீதியில் இறக்கிவைத்துவிட்டு இரண்டு பாட்டேனும் கேட்டுச் சென்றனர்.

போர்ப் பகுதி வந்தபோதுதான் மறுபடியும் ஆபத்து நேர்ந்தது. போர்ப் பாட்டுகளை மெல்லப் படிக்க எவராலும் இயலாது. அவற்றின் சந்தமே குரலைத் தள்ளிக்கொண்டு போகும். நண்பர் இரண்டு பாட்டுவரை தம்மை அடக்கிக்கொண்டார். மூன்றாவதில் எங்கிருக்கிறோம் என்பதையே மறந்துவிட்டார். அவரது பழைய குரல் முழுதாக எழுந்தது. மண்டபத்தில் எல்லோரும் நிமிர்ந்தனர். அப்போது ஒலிபெருக்கியில் ‘டக், டக், டக்’ என்று ஓர் ஓசை. ஐயர் திரும்பிக் கோயில் வாசலைப் பார்த்தார். கதவைத் தட்டுவது யாரென்று பார்க்க முகாமையாளர் எழுந்தே போய்விட்டார். கனடாவிற் சுவர் தட்டப்படுகிறது என்பது எனக்கு மட்டுமே விளங்கிற்று.

நண்பர் நிறுத்தினார். அவர் முகம் சுருங்கிப்போனதைக் கண்டேன். நூலை மூடிவிடுவாரோ என அஞ்சினேன். அப்படி மூடினால் மறுநாள் அவர் வரமாட்டார். அவரை நான் அறிவேன்.

அப்போது அவருக்குப் பின்னாலிருந்து மருமகளின் குரல் கேட்டது. அதுவும் ஒலிபெருக்கி வழியே மண்டபம் முழுதுங் கேட்டது.

“மாமா, நீங்கள் நிப்பாட்டாதேங்கோ. நான் போய் அந்தாளோடை கதைக்கிறன்.”

கதவு திறந்து மூடும் ஓசை வந்தது. நண்பர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அதே அடியை முதலிலிருந்து, அதே உரத்த குரலில் மறுபடி எடுத்தார். அந்தப் பெண் பக்கத்து வீட்டாரிடம் என்ன கூறினாரென்று எனக்குத் தெரியாது. அதன்பின் சுவர் தட்டப்படவில்லை. அடுத்த வைகறைகளில் அவருடைய மகனும் பின்னால் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு அமர்ந்திருக்கக் கண்டேன். உடுப்பு மாற்றவும் அவனுக்குப் பொழுதிருக்கவில்லை. வேலைச் சட்டையோடே இருந்தான். தந்தை வாசிப்பதை அவன் சிறுவயதிற் கேட்டதுதான்.

மலிவான, அளவிட்ட தரவை வாங்குவது அறிவுடையதா என்று என்னை இப்பொழுது பலர் கேட்கின்றனர். அறிவுடையதே என்பது என் விடை. இணையவழி படிக்கும் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கும், வீட்டிலிருந்தே தொழில் பார்ப்பவர்க்கும் அது போதாது. அவர்கள் குலையாகவே வாங்கட்டும். ஆனால் தனக்கு எது வேண்டும், எந்தப் பொழுதில் வேண்டும் என்று தெளிந்தவன், எல்லையற்றது என்ற சொல்லுக்காக விலை கொடுக்கவேண்டியதில்லை. விற்பவர் வழங்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் அவர் என்ன பொருள் வைத்திருக்கிறார் என்பதை மட்டும் வாங்குமுன் கேட்டறிதல் வேண்டும். மலிவின் மீதியை வேறெவரேனும் கொடுக்க நேர்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். இவ்விரண்டும் தெளிவானால் அஞ்சுவதற்கு எதுவுமில்லை.

நிறைவு நாளன்று மண்டபத்தில் இருக்க இடமில்லை. நண்பர் வாழிப் பாட்டை வாசித்து முடித்தார்; நான் இறுதிப் பயனைச் சொன்னேன். படிப்பு நிறைவுறும்போது வாசித்தவருக்கும் பயன் சொன்னவருக்கும் கோயில் காளாஞ்சி வழங்கிச் சிறப்புச் செய்வது வழக்கம். அது தேங்காய், பழம், வெற்றிலை, பாக்கு, பூ வைத்த தட்டு. வாசித்தவருக்கே முதலிற் கொடுக்கவேண்டும். முகாமையாளர் தட்டை ஏந்தி வந்து திறன்பேசியின் முன்னே ஒரு கணம் தயங்கி நின்றார். பின்னர், “அண்ணை, உங்கடை காளாஞ்சி. அடுத்த வருஷமும் விடியப்புறம் தான். நேரத்துக்கு வந்திடுங்கோ,” என்று சொல்லி அதனை என் கையிற் கொடுத்தார்.

நண்பர் இரு கைகளையுங் கூப்பியிருந்தார். 

“தேங்காயை வீட்டுக்காரியிட்டைக் குடும். வெத்திலையை நீர் போடும். எனக்கு இப்ப பல்லுமில்லை. பூவை மட்டும் ஒருக்காக் காட்டும் காணும், பாப்பம்.”

பூவை எடுத்துத் திறன்பேசியின் முன்னே பிடித்தேன்.

“மங்கலாய்க் கிடக்கு. இன்னும் கிட்டக் கொண்டுவாரும்.”

கிட்டக் கொண்டுசென்றேன்.

“பொறும், பொறும். நான் கண்ணாடியைக் கழட்டிப்போட்டு இருக்கிறன். எங்கை வைச்சனான் எண்டு தெரியேல்லை. பிள்ளை, என்ரை கண்ணாடியைக் கண்டனீரோ?”

வீட்டில் எல்லோரும் அதனைத் தேடுவது கேட்டது. நான் பூவைப் பிடித்தபடியே நின்றேன். அவசரம் ஒன்றும் இருக்கவில்லை. தரவு நிறையவே மிச்சமிருந்தது.